இருபத்தேழாம் தகடு

கெசியா ஒன்பது வருடங்களாக டீசலோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். வண்டலூரைத் தாண்டி ஒரு மேட்டில் நின்ற தகரக் கொட்டகைதான் அவள் வேலை பார்த்த கம்பெனி. ஆறு பேர் வேலை செய்தார்கள். ஆறு பேரும் அதை ஷெட் என்றுதான் சொல்வார்கள்.

சாதாரண ஜெனரேட்டர் எஞ்சினில் டீசலை எரித்து, தெருவையே எழுப்பிவிட்டு, புகை கக்கிக்கொண்டு மின்சாரம் தரும். இவர்கள் உருவாக்கிக்கொண்டிருந்த பெட்டியில் எஞ்சின் கிடையாது. டீசலை ஆவியாக்கி, அந்த ஆவியை உடைத்து ஹைட்ரஜன் கலந்த வாயுவாக மாற்றி, அடுக்கி வைத்த பீங்கான் தகடுகளின் வழியே அனுப்பினால் தகடுகளே மின்சாரம் தரும். அப்பளத்தின் கனத்தில் நாற்பது தகடுகள். கேட்க எளிதாகத்தான் இருக்கும். டீசலிலிருக்கும் துளி கந்தகம் தகட்டைக் கெடுக்கும். சூடு கொஞ்சம் குறைந்தால் உள்ளே கரி அப்பிக்கொள்ளும். எழுநூறு டிகிரியில் வேலை செய்கிற தகடுகளை அவசரமாகச் சூடாக்கினாலும் விரிசல் விடும், அவசரமாக ஆறவைத்தாலும் விரிசல் விடும். ஒன்றைச் சரிசெய்தால் இன்னொன்று கிளம்பும். கெசியாவின் இளமை இதிலேயே போய்விட்டது என்று அவள் கணவன் ஜேசன் கேலி செய்வான்.

கம்பெனியை ஆரம்பித்தவர் தோத்தாத்ரி. அரசு ஆராய்ச்சிக்கூடத்தில் முப்பது வருடம் இருந்துவிட்டு, ஓய்வு பெற்ற மறு மாதமே இந்த ஷெட்டைப் பிடித்தவர். பீர்க்கன்கரணை ஏரிக்குப் பக்கத்தில் ஒரு பிளாட்டில் முதல் மாடியில் குடியிருந்தார். மனைவி சுந்தரவல்லி பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்தவள். நுரையீரல் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கிப்போகும் வியாதி அவளுக்கு. இரண்டு வருடமாக மூக்கில் குழாயோடுதான் இருந்தாள். கட்டில் பக்கத்தில் ஒரு கான்சன்ட்ரேட்டர், அறைக் காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துக் கொடுத்துக்கொண்டே இருக்கும். கரண்ட் இருக்கிறவரை அதற்கு வேறெதுவும் வேண்டாம்.

அந்த டிசம்பரில் புயல் கரையைக் கடக்காமல் கடலிலேயே நின்றுகொண்டு ஒன்றரை நாள் கொட்டித் தீர்த்தது. மழை விட்ட காலையில், ஆறரை மணிக்கு, தோத்தாத்ரியிடமிருந்து போன் வந்தது.

"கெசியா, நேத்து மத்தியானமே கரண்ட் போயிடுத்து, வந்துடும்னு பார்த்தேன். இன்வெர்ட்டர் காத்தால ஆறு மணியோட நின்னுடுத்தும்மா. அபார்ட்மென்ட் ஜெனரேட்டர் கீழ தண்ணிக்குள்ள இருக்கு."

"மாமி எப்படி இருக்காங்க சார்?"

"சின்ன சிலிண்டர் ஒண்ணு இருக்கு. குறைச்சு வெச்சிருக்கேன். நாலு மணி நேரம் வரும். ஆம்புலன்ஸ் இங்க வராதுன்னுட்டா. கண்ட்ரோல் ரூம்ல ரெஸ்க்யூ போட்டுக்குச் சொல்லியிருக்கேன், லிஸ்ட்ல இருக்கோம்கிறா." கொஞ்சம் நிறுத்தினார். "ரெண்டாவது பெட்டி நிலைமை எப்படி இருக்கு?"

அவர் போன் செய்தபோதே கெசியாவுக்கு இந்தக் கேள்வி வரும் என்று தெரிந்துவிட்டது. முதல் பெட்டி காட்சிப் பொருளாகி வருடம் மூன்று ஆகிறது. மூன்றாவதைப் பிரித்து மேஜைமேல் பரப்பியிருந்தார்கள். முழுதாக இருந்தது இரண்டாவது மட்டும்தான். ஜூன் மாதம் அதில் ஒரு தகட்டின் விளிம்பில் வாயு கசிந்தது. இருபத்தேழாவது தகடு. கெசியாதான் கண்ணாடிப் பூச்சை மறுபடி வைத்து அடைத்தாள். அதற்குப் பிறகு இருநூறு மணி நேரம் ஒழுங்காக ஓடியிருந்தது.

"ஓடும் சார். கொண்டுவரேன்," என்றாள்.

ஷெட்டுக்குப் பக்கத்திலேயே அறை எடுத்துத் தங்கியிருந்த டெக்னீஷியன் ஸ்டெபின் அவளுக்கு முன்பே வந்து பூட்டைத் திறந்திருந்தான். பெரும்பாக்கத்தில் வளர்ந்தவன், முப்பது வயது, எதையும் தூக்கிவிடுவேன் என்கிற தோள். பெட்டி முப்பத்துநாலு கிலோ. இங்கேயே சூடாக்கிக் கொண்டுபோக வழியில்லை, சூடான தகடுகளை அசைக்கவே கூடாது. அங்கே போய்ச் சேர்ந்த பிறகு எழுபது நிமிடம் சூடாக வேண்டும். கெசியா மனசுக்குள் நேரத்தைக் கூட்டிப் பார்த்தாள். பத்தரைக்குள் மின்சாரம் வந்தாக வேண்டும்.

பால் வண்டிக்காரர் சக்திவேல் தன் டிராக்டரில் ஜி.எஸ்.டி. ரோடு வழியாக ஏரிக்கரைத் திருப்பம் வரை கொண்டுவந்து விட்டார். அதற்கு மேல் டிராக்டர் போகாது. தெரு இருந்த இடத்தில் பழுப்புத் தண்ணீர் இடுப்பளவுக்கு நின்றது. ஒரு பெரிய நீலப் பிளாஸ்டிக் டப்பில் பழைய மெத்தையை மடித்துப் போட்டு, பெட்டியை அதன்மேல் வைத்து, டப்பை மிதக்கவிட்டு இரண்டு பேரும் தள்ளிக்கொண்டு நடந்தார்கள். ஸ்டெபின் ஒரு கையால் டப்பைப் பிடித்து, இன்னொரு கையில் டீசல் கேனைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்திருந்தான்.

"அக்கா, சார் வூடு இன்னும் எவ்ளோ தூரம் கீது?"

"அந்த மஞ்சள் பில்டிங் தாண்டி ரெண்டாவது. மெதுவா வா ஸ்டெபின். அவசரப்படாத."

மஞ்சள் கட்டடத்தின் முன்னால் அவன் கால் எதிலோ தடுக்கியது. தண்ணீருக்கடியில் யாரோ விட்டுப்போன ஸ்கூட்டர். ஸ்டெபின் சாய்ந்தான், டப் அவன் கையை விட்டு ஒரு சுற்றுச் சுற்றி காம்பவுண்டுச் சுவரில் இடித்தது. பலமான இடி இல்லை. மெத்தை இருந்தது. ஆனால் கெசியாவின் காதில் உள்ளிருந்து ஒரு சின்ன ஓசை விழுந்தது, வளையலில் வளையல் படுகிற மாதிரி.

"ஒண்ணும் ஆவலையே அக்கா?"

"ஒண்ணுமில்ல. நட," என்றாள். திரும்பிப் போய் எடுத்துவர வேறு பெட்டி இல்லை.

தோத்தாத்ரி படிக்கட்டில் முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தார். மூவருமாகப் பெட்டியை மேலே ஏற்றி பால்கனியில் வைத்தார்கள். புகை இல்லாவிட்டாலும் சூடான காற்று வெளியேற வேண்டும், அதோடு ஆக்சிஜன் இருக்கிற அறைக்குள் எழுநூறு டிகிரியை வைக்க முடியாது. கெசியா ஒயரை ஜன்னல் வழியே உள்ளே விட்டாள். மணி ஒன்பதுக்கு ஐந்து நிமிடம் இருந்தது. ஸ்டார்ட்டை அழுத்தினாள். பெட்டியோடு இருந்த குட்டி பேட்டரியில் உள்ளே சின்ன விசிறி சுழல ஆரம்பித்தது.

சுந்தரவல்லி கட்டிலில் நாலு தலையணைக்குச் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். இரண்டு வார்த்தை பேசி, மூச்சு வாங்கி, மறுபடி இரண்டு வார்த்தை பேசுவாள்.

"இதானா என்... சக்களத்தி? ஒன்பது வருஷமா... பேர் மட்டும்தான் கேட்டிண்டிருக்கேன்."

"பேசாதே வல்லி," என்றார் தோத்தாத்ரி.

"நீ சாப்டியா... கெசியா?"

"சாப்பிட்டேன் மாமி," என்று பொய் சொன்னாள்.

சூடாக்குவதை அவசரப்படுத்த முடியாது. நூறு டிகிரி, இருநூறு, முந்நூறு. கெசியா லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு பால்கனித் தரையில் உட்கார்ந்தாள். தோத்தாத்ரி சிலிண்டர் முள்ளுக்கும் லேப்டாப்புக்கும் நடுவே நடந்துகொண்டிருந்தார். முள் சிவப்புக் கோட்டுக்குள் இறங்கி, இன்னும் இருபது நிமிடம் வரலாம் என்கிற நிலையில், பத்து மணி எட்டு நிமிடத்துக்குத் தகடுகள் உயிர் பெற்றன. நாற்பதும். கெசியா ஒவ்வொன்றாகப் பார்த்தாள். இருபத்தேழும் மற்றவற்றைப் போலவே வோல்ட்டேஜ் காட்டியது. உள்ளே கான்சன்ட்ரேட்டர் ஒருமுறை கூவிவிட்டு ஓட ஆரம்பித்தது. தோத்தாத்ரி சிலிண்டரை மூடினார். மூடிவிட்டுக் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார். துடைத்து முடிக்க வெகு நேரமானது.

"சத்தமே இல்லையே," என்றாள் சுந்தரவல்லி.

அது உண்மை. அந்தத் தெருவில் அப்போது ஓடிக்கொண்டிருந்த ஒரே இயந்திரம் அதுதான், அடுத்த அறைக்குக்கூடக் கேட்கவில்லை. மேல் மாடி கனகவல்லி போனைச் சார்ஜ் போட வந்தாள். அவளைப் பார்த்து இன்னும் நாலு பேர் வந்தார்கள். கொண்டுவந்த ஐந்து லிட்டர் டீசலில் ஒன்றரை நாள் தாராளமாக ஓடும் என்று ஸ்டெபின் அவர்களுக்குப் பெருமையாக விளக்கினான். கனகவல்லி எல்லோருக்கும் உப்புமா கொண்டுவந்து கொடுத்தாள். கெசியா இரண்டு வாய் சாப்பிட்டாள். மூன்று வருடம் கழித்து இந்தப் பெட்டி ஆஸ்பத்திரிகளில், கிராமத்து வீடுகளில், வெள்ளத்தில் இதேபோல ஓடும் என்று ஒரு நிமிடம் நினைத்தாள். ஒன்பது வருடத்தில் அவள் தன்னை அப்படி நினைக்கவிட்டது அந்த ஒருமுறைதான்.

பன்னிரண்டேகாலுக்கு இருபத்தேழாம் தகடு இறங்க ஆரம்பித்தது.

முதலில் கடைசி இலக்கம் மட்டும் தள்ளாடியது. பிறகு ஐந்து நிமிடத்துக்கு ஒருதரம் ஒரு படி. உள்ளே எங்கோ வாயு கசிகிறது, கசிகிற வாயு அங்கேயே எரிகிறது, எரிகிற சூட்டில் விரிசல் பெரிதாகிறது. இது அவளுக்குப் படிக்காமலே தெரியும். என்ன செய்ய முடியும் என்றும் தெரியும். பெட்டியைத் திறக்க வேண்டுமானால் ஆறவிட வேண்டும், ஆற எட்டு மணி நேரம். சுமையைக் குறைக்கலாம் என்றால் கான்சன்ட்ரேட்டருக்குப் பாதி வேகம் என்று ஒன்று கிடையாது. அவள் எழுந்து போய்ப் போன்களையெல்லாம் கழற்றினாள். கனகவல்லி முகம் கொஞ்சம் வாடியது. அதனால் பெரிதாக எதுவும் மிச்சமாகாது என்பதும் கெசியாவுக்குத் தெரியும்.

தோத்தாத்ரி வந்து அவள் பின்னால் நின்றார். திரையைப் பார்த்தார்.   அவர் உள்ளே போய் மறுபடி அந்தக் கண்ட்ரோல் ரூம் நம்பரைக் கூப்பிட ஆரம்பித்தார். திரும்பத் திரும்ப எங்கேஜ்டு. ஒருமுறை எடுத்தார்கள்.

"ஆமா சார், உங்க பேர் இருக்கு. முடிச்சூர் சைடுல போட் போயிருக்கு. வந்துடும்."

"எப்போ வரும்?"

"வந்துடும் சார்."

ஸ்டெபினுக்கு உட்கார முடியவில்லை. "நான் போய் எதனா பாத்துக்கினு வரேன் அக்கா. சின்ன பெட்ரோல் ஜென்செட் எவன் கிட்டயாவது கீதான்னு பாக்கறேன், இல்லன்னா போட்டயாவது இழுத்துக்கினு வரேன்," என்று இறங்கிப் போனான். கிடைக்கிற எல்லா ஜென்செட்டும் நேற்றே போய்விட்டிருக்கும் என்று கெசியா சொல்லவில்லை. ஏதாவது செய்கிறவனாக அவனாவது இருக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

இரண்டு மணி ஐந்து நிமிடத்துக்குப் பெட்டி தானாக நின்றது. ஒரு தகடு குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இறங்கினால் எல்லாவற்றையும் நிறுத்திவிட வேண்டும் என்பது பாதுகாப்பு விதி. அந்த விதியை எழுதியவள் கெசியா. உள்ளே கான்சன்ட்ரேட்டர் நீளமாகக் கத்தியது.

"விதியை எடுத்துடு," என்றார் தோத்தாத்ரி.

"சார், எடுத்தா உள்ள எரியும். மத்த தகடும் போயிடும். வெளிய தீ வந்தாலும் வரலாம்."

"பக்கெட்ல மண்ணு வெச்சிண்டு நான் இங்க நிக்கறேன். எடுத்துடும்மா."

அவள் எடுத்தாள். புரோகிராமில் நாலு வரி. பெட்டி மறுபடி ஓடியது. தோத்தாத்ரி பூந்தொட்டி மண்ணை ஒரு பக்கெட்டில் கொட்டி வைத்துக்கொண்டு நின்றார். அறுபத்தொன்பது வயது மனிதர், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, தான் பெற்றெடுத்த மாதிரி வளர்த்த பெட்டியின்மேல் மண்ணைக் கொட்டத் தயாராக. இருபத்தேழு பூஜ்யத்துக்குப் போனது. பக்கத்தில் இருபத்தாறு, இருபத்தெட்டு. பெட்டியின் ஓரத்தில் பெயின்ட் பழுத்து உப்பியது. கெசியா கையை மடியில் வைத்துக்கொண்டு எண்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கையில் இருந்த எல்லா வேலையும் முடிந்துவிட்டது. ஜெபம் செய்ய முயன்றாள், வார்த்தைகளுக்கு நடுவில் எண்கள் வந்தன.

நாற்பத்தைந்து நிமிடம் தாக்குப் பிடித்தது. அவ்வளவுதான்.

சிலிண்டரில் மிச்சமிருந்ததைத் திறந்தார்கள். ஸ்டெபின் கை வீசிக்கொண்டு திரும்பி வந்தான். மாமியை டப்பில் உட்காரவைத்துத் தள்ளிக்கொண்டு போய்விடலாம் என்றான். ரோடு வரை நாற்பது நிமிடம், சிலிண்டரில் இருபது நிமிடம். தோத்தாத்ரி மனைவியின் முகத்தைப் பார்த்தார். சுந்தரவல்லி தலையை லேசாக ஆட்டினாள், வேண்டாம் என்று.

"போட் வரும்," என்றார் அவர். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை.

மூன்றேகாலுக்குச் சிலிண்டர் தீர்ந்தது. விரலில் மாட்டியிருந்த, ரத்தத்தில் ஆக்சிஜன் அளக்கும் கருவி எண்பத்தெட்டு என்றது. அப்புறம் எண்பத்திரண்டு. எழுபத்தாறு. கெசியா ஒரு பழைய பத்திரிகையை மடித்து விசிறினாள். விசிறுவதால் எதுவும் ஆகாது. ஆனாலும் விசிறினாள். சுந்தரவல்லியின் உதடுகள் நீலம் பாரித்தன. கண் மட்டும் தெளிவாக இருந்தது. அந்தக் கண்ணை கெசியாவால் பார்க்க முடியவில்லை, பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை. தோத்தாத்ரி மனைவியின் இரண்டு கைகளையும் தன் கைகளுக்குள் வைத்துக்கொண்டு, "மெதுவா விடு, மெதுவா இழு," என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

மூன்று ஐம்பதுக்குப் படகு வந்தது. ஆரஞ்சு சட்டை போட்ட நாலு பேர், ஒரு ஆக்சிஜன் சிலிண்டர். அவர்கள்மேல் ஒரு குற்றமும் சொல்ல முடியாது. காலையிலிருந்து சாப்பிடாதவர்கள் மாதிரி இருந்தார்கள். நாற்காலியோடு அவளைத் தூக்கி இறக்கினார்கள். படகில் தோத்தாத்ரிக்கு மட்டும் இடம் இருந்தது.

கெசியாவும் ஸ்டெபினும் அந்த வீட்டில் மிஞ்சினார்கள். பால்கனியில் பெட்டி இன்னும் தொட முடியாத சூட்டில் இருந்தது. ஸ்டெபின் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, "நான் தடுக்காம இருந்திருக்கணும் அக்கா," என்றான். கெசியா லேப்டாப்பை மூடி வைத்தாள்.

சுந்தரவல்லி ஆஸ்பத்திரிக்கு உயிரோடுதான் போனாள். நான்காம் நாள் இறந்துபோனாள். அந்த முப்பத்தைந்து நிமிடம்தான் காரணமா என்று பெங்களூரிலிருந்து வந்த மகள் ஸஹானா டாக்டரிடம் கேட்டாளாம். அப்படிச் சொல்ல முடியாது, இல்லையென்றும் சொல்ல முடியாது என்றாராம்.

பெட்டியை ஷெட்டுக்குக் கொண்டுவந்து கெசியா தனியாகப் பிரித்தாள். இருபத்தேழில் குறுக்காக ஒரு விரிசல், சுற்றிலும் வெந்து போயிருந்தது. பழைய ஒட்டு விட்டுப்போய் விரிசல் விட்டதா, சுவரில் இடித்ததால் விட்டதா என்று காட்டக்கூடிய விளிம்பு எரிந்து போயிருந்தது. லென்ஸ் வைத்து மூன்று நாள் பார்த்தாள். தெரியவில்லை. இனி தெரியப்போவதும் இல்லை.

பதின்மூன்றாம் நாள் காரியம் முடிந்த மறு வாரம் தோத்தாத்ரி வந்தார். மின்சார ரயிலில் வந்து, ஸ்டேஷனிலிருந்து நடந்தே வந்திருந்தார். மேஜைமேல் இருந்த தகட்டைப் பார்த்தார், தொடவில்லை.

"சார், ஒண்ணு சொல்லணும்," என்றாள் கெசியா. "வர வழியில டப் சுவத்துல இடிச்சது. உள்ள சத்தம் கேட்டுது. நான் உங்ககிட்ட சொல்லல."

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"சொல்லியிருந்தா மட்டும் என்ன பண்ணியிருப்பேன்," என்றார். "ஸ்டார்ட் பண்ணுன்னுதான் சொல்லியிருப்பேன்."

"ஆனா சார்..."

"புயல் வரதுக்கு முந்தின நாள் டாக்டர் போன் பண்ணினார், கெசியா. ரெண்டு நாளைக்கு அட்மிட் பண்ணிடுங்கோன்னார். வல்லியும் போலாம்னா. நான்தான் வேண்டாம்னேன். எதுக்கு அலையணும், கரண்ட் போனா நம்ம பெட்டி இருக்கேன்னேன்." கண்ணாடியைக் கழற்றி சட்டை நுனியில் துடைத்தார். "அவ சிரிச்சுண்டே சரின்னுட்டா."

 வெளியே ஸ்டெபின் யாரிடமோ போனில் பேசுவது கேட்டது. கெசியா தண்ணீர் பாட்டிலை அவர் பக்கம் நகர்த்தி வைத்தாள். அவர் குடிக்கவில்லை.

அதற்குப் பிறகும் அவர் தினமும் வந்தார். தகடுகளின் பக்கம் போவதில்லை. வருகிறவர்களிடமெல்லாம் முன்பு அரை மணி நேரம் பெட்டியைப் பற்றிப் பேசுவார், அதுவும் நின்றுபோயிற்று. மூன்றாவது பெட்டி வேலையை கெசியாவும் மற்றவர்களும் மெல்ல மறுபடி ஆரம்பித்தார்கள். நிறுத்திவிட்டால் என்ன என்று அவள் ஜேசனிடம் இரண்டு முறை கேட்டாள். அவன் பதில் சொல்வதற்குள் தூங்கிப்போனாள்.

பிப்ரவரியில் ஒரு நாள் தோத்தாத்ரி அவளிடம் நாலு தாள் கொடுத்தார். பெட்டியை வாங்கப் போகிறவர்களுக்கான கையேடு, கையால் எழுதியது. டைப் செய்யச் சொன்னார். எப்படி ஆன் செய்வது, எந்த டீசல் ஊற்றுவது என்பதெல்லாம் பிறகுதான் வந்தது. முதல் தாளில் முதல் வரி, உயிர் காக்கும் கருவிகளுக்கு இந்தப் பெட்டியை மட்டும் நம்பி வீட்டில் இருக்க வேண்டாம் என்று இருந்தது. கெசியா அதை டைப் செய்து முடித்தபோது அவர் பின்னால் வந்து நின்று திரையைப் பார்த்தார்.

"எழுத்து இன்னும் கொஞ்சம் பெரிசா போடும்மா," என்றார்.